மேற்கோள்குறி இல்லாத கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சிறுகதையில் பேருக்கு ஒரு மேற்கோள்குறிகூட இல்லை, யார் பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லை, இதையெல்லாம் எதற்குப் போடுகிறீர்கள் என்று வாசகர் ஒருவர் வியாழக்கிழமை இதே பகுதியில் சாடியிருந்தார். அவர் சொன்னதை நானும் மேற்கோள்குறி போடாமல்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எது அவர் பேச்சு, எது என் பேச்சு என்று யாராவது தடுமாறினீர்களா?

ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தில் மெய்ப்பு, அதாவது புரூஃப், பார்க்க உட்கார்ந்து, கணினி வந்த பிறகும் அதையே செய்து ஓய்வுபெற்றவன் நான். கமாவும் புள்ளியும் எனக்குச் சோறு போட்டவை. ஆனாலும் குறி இல்லாமல் எழுதுவதே குற்றம் என்பதை ஒப்ப மாட்டேன். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் எழுதினார்கள்; கமாவுக்கு எங்கே போவது? பரிமேலழகர் உரையைப் பாருங்கள். ஒரு கருத்து முடிகிற இடத்தை 'என்பதாம்' என்ற சொல்லே காட்டிவிடும். கேள்வி என்றால் வினைமுற்றின் கடைசியில் ஓர் ஆகாரம், அடுக்கிச் சொன்னால் ஓர் உம், பேச்சு முடிந்தால் ஓர் 'என்று'. குறிகளின் வேலையில் பாதியை நம் இலக்கணம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது நாம் போடும் குறிகள் அச்சோடு சேர்ந்து ஐரோப்பாவிலிருந்து வந்தவை.

பாதி என்றுதான் சொன்னேன். பேச்சு முடிகிற இடத்தைத் தமிழ் காட்டும். தொடங்குகிற இடத்தைக் காட்டாது. 'முருகன் நான் வரவில்லை என்றான்' என்று ஒரு வரி வருகிறது. வரவில்லை என்று சொன்னது முருகனா, முருகனைப் பார்த்து வேறொருவனா? போர்த்துக்கீசிய எழுத்தாளர் ஜோஸே சரமாகோ, 1998இல் நோபல் பரிசு பெற்றவர், உரையாடலுக்கு மேற்கோள்குறியே போட மாட்டார். கமாவும் முற்றுப்புள்ளியும் போதும் அவருக்கு. ஆனால் ஆள் மாறிப் பேசும்போது கமாவை அடுத்து வரும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவார். அதைப் பிடித்துக்கொண்டு வாசகர் போய்விடலாம். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அவரைப் பார்த்துத் தமிழில் குறிகளை உதறுபவர் இதை யோசிக்க வேண்டும். பேசுகிறவர் பெயரை முன்னே கொண்டுவருவதா, பின்னே தள்ளுவதா, 'ஏண்டி' என்ற விளியிலேயே ஆளைக் காட்டிவிடுவதா என்று வரிக்கு வரி மெனக்கெட வேண்டும். அப்படி மெனக்கெட்ட பக்கத்தை மெய்ப்பில் பார்த்தாலே தெரியும், பேனாவை எடுக்கவே தோன்றாது. சோம்பலில் விட்ட பக்கமும் அதேபோலத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். வாரத் தொடர்கதைகளில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆறேழு புள்ளிகள், பத்தி முடிவில் மூன்று ஆச்சரியக்குறிகள் என்று கொட்டிக் கிடந்ததே, அதை யாராவது மரபு மீறல் என்றார்களா? எந்த இலக்கணத்தில் இருக்கிறது அது? புள்ளிகளை மூன்றாகக் குறைத்துவிட்டுப் பெரிய எழுத்தாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு சுஜாதா எவ்வளவோ மேல். மாடிப்படி இறங்குவதை எழுதும்போது சொல்லின் எழுத்துகளையே ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கிக் காட்டினார். ஈயத்தில் அதைக் கோக்க வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் வெற்றுத் துண்டுகளை அளந்து செருக வேண்டும். கோப்பவர் முணுமுணுக்காமல் இருக்க மாட்டார், ஆனால் வாசகர் ஒரு நொடிகூடத் தடுக்கி விழவில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். நான் அதை இரண்டு முறை படித்தேன். மாமியார் வாய் திறக்கும்போதெல்லாம் புதுப் பத்தி. மருமகள் பதில் அந்தப் பத்திக்குள்ளேயே அடங்கிப்போகிறது. கதாசிரியர் தமக்கென்று வைத்துக்கொண்ட விதி இது. கதையும் அந்த வீட்டில் யார் குரல் எடுபடுகிறது என்பதைப் பற்றியதுதான். மேற்கோள்குறி போட்டிருந்தால் இரண்டு குரலும் சமமாக நின்றிருக்கும், கதை செத்திருக்கும். ரேஷன் கடை வரிசையில் மூன்றாவதாக ஒருத்தி பேச வரும் இடத்தில் மட்டும் விதி ஆட்டம் காண்கிறது. வாசகர் குழம்பியது அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

ஆனால் அதே இடத்தில் உங்கள் அலுவலகத்தில் யாரோ கதையில் கை வைத்திருக்கிறார்கள். கதை முழுக்க இல்லாத இரட்டை மேற்கோள்குறி, 'அட்டையைக் காட்டு' என்பதற்கு முன்னால் திறக்கிறது, எங்கேயும் மூடவில்லை. கதாசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த இடம் புரியவில்லை, யார் பேசுவது என்று கேட்டிருந்தால் ஒரு சொல்லை மாற்றிக் கொடுத்திருப்பார். இனி இப்படிப்பட்ட கதை வந்தால் அச்சுக்கு முன் மெய்ப்பை அவருக்கு ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
உறையூர், திருச்சி