இரண்டு எண்ணெய் டின் போதும்: கரி கிரில் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் கரி அடுப்பில் கோழி சுட்டு விற்கும் கடை முதலாளிகளுக்கும், அடுப்படியில் நிற்கும் மாஸ்டர்களுக்கும், இரவு கடை கட்டியதும் அடுப்பை அள்ளிச் சுத்தம் செய்யும் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. குப்பை வண்டியின் சத்தம் கேட்டு வாளியோடு கீழே இறங்கினேன். தெருமுனைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோணிச்சாக்கு சாய்ந்து நின்றது. கரி வந்து இறங்குமே, அதே சாக்கு. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். மேல்பாதிதான் கையோடு வந்தது. அடிப்பாதி உள்ளுக்குள்ளேயே கருகி இற்றுப்போயிருந்தது. பொலபொலவென்று கொட்டிய சாம்பலுக்கு நடுவிலிருந்து சிவந்த கங்கு இரண்டு மூன்று அவருடைய இடது பாதத்தில் விழுந்தன. காலில் இருந்தது ரப்பர் செருப்பு. கங்கு விழுந்த இடத்தில் அதுவும் உருகி விரலோடு ஒட்டிக்கொண்டது.

ஒருவர் டூத்பேஸ்ட் எடுத்து வர ஓடினார், இன்னொருவர் இட்லி மாவு கொண்டு வந்துவிட்டார். இரண்டையும் வேண்டாம் என்று சொல்லி, குழாயடியில் உட்காரவைத்து 20 நிமிடம் தண்ணீர் விட்டோம். அப்புறம் ஆட்டோவில் ஆஸ்பத்திரி. பதினோரு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. வராத நாளுக்கு அவருக்குக் கூலி கிடையாது.

அது யாருடைய கடைச் சாக்கு என்று நான் துப்பு துலக்கப் போகவில்லை. நான் பார்த்தவரை இந்தப் பகுதியில் எல்லாக் கடையும் இதையேதான் செய்கிறது. அதனால்தான் ஒருவரிடம் போய்ச் சண்டை போடாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். இரவு பன்னிரண்டு மணிக்கு, எட்டு மணி நேரம் அனலில் நின்ற உடம்போடு அடுப்பைக் காலி செய்கிறீர்கள். மேலே பார்த்தால் வெள்ளைச் சாம்பல். புகை இல்லை, சிவப்பு இல்லை. அணைந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதைத்தானே நம் பெரியவர்கள் நீறு பூத்த நெருப்பு என்றார்கள்? சாம்பல் வெப்பத்தை லேசில் வெளியே விடாது. கங்குக்கு அது போர்வை மாதிரி. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் காற்றை வைத்துக்கொண்டே கரித்துண்டு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அள்ளிச் சாக்கில் கொட்டும்போது புதுக் காற்று படுகிறது, அது மறுபடி விழித்துக்கொள்கிறது. வீட்டிலேயே கிரில் போடுவது பரவலாக இருக்கும் அமெரிக்காவில், சாம்பல் நன்றாக ஆற 48 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். நாம் ஆறு மணி நேரம்கூட விடுவதில்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு கடையிலும் மூடியோடு இரண்டு தகர டின் வேண்டும். அதற்காக நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். காலியான 15 கிலோ எண்ணெய் டின் உங்கள் கடையிலேயே கிடக்கிறது. மேல்பக்கத்தை வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு போக சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். மூடிக்கு ஒரு தகரத் தகடு, மேலே ஒரு செங்கல். இன்றைய சாம்பல் முதல் டின்னில், நாளைய சாம்பல் இரண்டாவதில். மூன்றாம் நாள் இரவு முதல் டின்னைக் காலி செய்யும்போது அந்தச் சாம்பலுக்கு வயது சரியாக 48 மணி நேரம். கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து, ஒரு கம்பியால் அடிவரை கிளறிப் பாருங்கள். எங்காவது 'சுர்' என்று கேட்டால் இன்னும் தண்ணீர் விடுங்கள். குளிர்ந்த பிறகு தனிப் பையில் கட்டி, வண்டிக்காரர் கையில் 'இது சாம்பல்' என்று சொல்லிக் கொடுங்கள். டின்னை வெறும் செங்கல் மேல் வையுங்கள். மரப்பலகை, அட்டைப்பெட்டி, கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சில கடைகளில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டி அணைப்பதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள். குப்பென்று எழும் நீராவி சாம்பலையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். சூட்டில் இருக்கும் இரும்புத் தட்டு வளைந்துவிடும், மண் தந்தூரி விரிசல் விடும். ஈரச் சாம்பல் அடுப்பின் அடியில் தங்கினால் தகடு சீக்கிரம் அரித்து ஓட்டை விழும். நெருப்பை அணைக்கச் சுலபமான வழி காற்றை அடைப்பதுதான். இது உங்களுக்குக் கரி அனுப்புகிறவர்களுக்கு அத்துப்படி. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போடுகிறார்களே, காற்றை அளந்து விட்டுத்தான் விறகைக் கரியாக்குகிறார்கள், காற்றை முழுதாக அடைத்துத்தான் அணைக்கிறார்கள். உங்கள் டின்னுக்கு நன்றாகப் பொருந்தும் மூடி இருந்தால் அதே வேலையை அது செய்துவிடும்.

இதில் உங்களுக்கே ஒரு லாபம் இருக்கிறது. நல்ல கட்டைக்கரி 10 கிலோ முழுசாக எரிந்தால் மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. அன்று அந்தச் சாக்கிலிருந்து கொட்டிக் கிடந்ததைக் கிளறிப் பார்த்தேன். பாதிக்குமேல் எரியாத கரித்துண்டுகள். காசு கொடுத்து வாங்கிய கரியைக் காசு கொடுத்து வாங்கிய சாக்கோடு தெருவில் போட்டிருக்கிறீர்கள். மூடிய டின்னில் காற்றில்லாமல் அணைந்த கரி அப்படியே இருக்கும். தண்ணீர் தெளிப்பதற்கு முன் பழைய சல்லடையில் ஒரு தடவை சலித்தால் துண்டுகள் தனியே வந்துவிடும். புதுக்கரியோடு கலந்து பற்றவைக்கலாம், சீக்கிரம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உங்களில் பலருடைய கடையில் வேலை செய்யும் பையன்கள் கடைக்குள்ளேயே, ஷட்டரை இறக்கிவிட்டுப் படுக்கிறார்கள். அந்த டின்னை ஒருபோதும் உள்ளே வைக்காதீர்கள். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் இருமி எழுந்திருக்கக்கூட அது விடாது. 2024இல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இருவர், பார்பிக்யூ அடுப்பின் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. எங்கோ தூரத்து ஊரிலிருந்து பிழைக்க வந்து உங்களை நம்பிப் படுத்திருக்கிற பிள்ளைகள் உங்கள் கடைப் பையன்கள். டின்னின் இடம் கடைக்கு வெளியே, பின்பக்கம், திறந்த காற்றில்.

தொட்டியில் போடாவிட்டால் மழைநீர்க் கால்வாயில் தள்ளிவிடலாம் என்று யாராவது நினைத்தால், அதுவும் வேண்டாம். சாம்பலும் கோழிக் கொழுப்பும் சேர்ந்தால் களிபோல அடியில் படியும். ஐப்பசி மழையில் முதலில் தண்ணீர் ஏறுவது உங்கள் கடை வாசலில்தான். குப்பையைத் தெருவிலோ கால்வாயிலோ போடக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட இதைச் சொல்லவில்லை. மேஸ்திரியும் அதிகாரியும் வந்து அபராதம் போடுவதற்கு முன் நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாமே என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், அந்தச் சாக்கு அன்று உடையாமல் வண்டியில் ஏறியிருந்தால்? வண்டியில் இருப்பது பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் அட்டையும் பாலித்தீனும். அங்கே பற்றாவிட்டால் கிடங்கில் பற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் எரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அவை கரிச்சாம்பலால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு நாம் கையாலேயே நெருப்புக் கங்குகளைக் கட்டி அனுப்பக் கூடாது என்கிறேன்.

தெரு நாய்களையும் சொல்ல வேண்டும். கொழுப்பு வாசனைக்கு வந்து சாம்பலைக் கிளறுகின்றன. மார்கழிக் குளிரில் அதன் மேலேயே சுருண்டு படுக்கின்றன. போன வருடம் எங்கள் வீட்டு வாசலில் படுக்கும் ஒரு குட்டி, மூக்கு வெந்துபோய் மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தது.

சாம்பல் கெட்ட பொருள் இல்லை. எங்கள் பாட்டி விறகடுப்புச் சாம்பலைத் தங்கம் போல வைத்திருப்பார். பாத்திரம் விளக்க, விரால் மீன் வழுக்காமல் பிடித்து உரச, அவரைக் கொடியில் அசுவினி விழுந்தால் விடியற்காலைப் பனி ஈரத்தில் தூவ. ஆனால் அந்தச் சாம்பலை மறுநாள் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால்தான் அள்ளுவார், அதுவும் புறங்கையை மேலே காட்டிப் பார்த்த பிறகு. ஆடிக் காற்று அடிக்கும்போது வெளியே கொட்டவே விடமாட்டார், பக்கத்தில் வைக்கோல்போர் இருந்தது. உங்கள் கடைச் சாம்பலைச் செடிக்குக் கேட்டு யாராவது வந்தால், கொழுப்பு சொட்டாத, சுத்தமான கட்டைக்கரிச் சாம்பலை மட்டும் கொடுங்கள். அச்சில் அழுத்திச் செய்த கரிக்கட்டி, பற்றவைக்க எண்ணெய் ஊற்றிய கரி, இவற்றின் சாம்பல் செடிக்கு ஆகாது. கொஞ்சமாகத் தூவச் சொல்லுங்கள், அதிகமானால் மண்ணில் காரம் கூடிவிடும்.

மொட்டை மாடியில் விடுமுறைக்கு விடுமுறை பார்பிக்யூ போடும் குடியிருப்புக்காரர்களே, நீங்களும் இதைப் படித்தால் உங்களுக்கும் இதே வேண்டுகோள்தான். உங்கள் வீட்டு டின் சின்னதாக இருந்தால் போதும்.

அக்கா இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். இடது காலில் இன்னும் கட்டு இருக்கிறது. சாக்கு எதையும் கையால் தொடுவதில்லை, முதலில் துடைப்பத்தால் தள்ளிப் பார்க்கிறார்.

வரும் ஞாயிறு சாயங்காலம், கூட்டம் சேருவதற்கு முன் நாலு மணிக்கு, நானும் எங்கள் தெரு நண்பர்கள் இருவரும் ஒவ்வொரு கடைக்கும் வருகிறோம். தகரம் வெட்டும் கத்தரி எங்களிடம் இருக்கிறது, மூடிக்கான தகடும் வாங்கி வைத்திருக்கிறோம். காலி டின் இரண்டை மட்டும் கழுவி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரன், உங்கள் வாடிக்கையாளன்