பெட்டியைப் பார்த்து மயங்காதே

அன்புள்ள சேகர்,

பதில் எழுதத் தாமதமானதற்குத் திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார்.

காரில் வைக்க வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய கருவிப் பெட்டியின் படத்தைப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் உருப்படிகளாமே! பட்டறை வைக்கப் போகிறாயா? தயவுசெய்து அதை வாங்காதே. நடுவழியில் நின்ற வண்டிக்கு நம்மால் ஆகக்கூடியவை சொற்பம்: சக்கரம் மாற்றலாம், பஞ்சர் ஒட்டலாம், இறங்கிப்போன பாட்டரிக்கு உயிர் கொடுக்கலாம், ஃபியூஸ் மாற்றலாம். மற்றதற்கெல்லாம் மெக்கானிக்தான்.

முதலில் சக்கரத்தைக் கவனி. வண்டியோடு வருகிற வீல் ஸ்பேனரின் கைப்பிடி பெரும்பாலும் குட்டையாக இருக்கும். பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய நட்டு அதற்கெல்லாம் மசியாது. அரை மீட்டர் நீளக் கைப்பிடி ஒன்று வாங்கு. அதன் நுனியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால் நட்டின் மேல் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழும். பல கார்களுக்குச் சொல்லப்படும் இறுக்கமும் அதையொட்டியதுதான். கைப்பிடி பாதியானால் 40 கிலோ அழுத்த வேண்டும், உன் முதுகு தாங்காது. நட்டின் மேல் மாட்டும் குழல் முனையான சாக்கெட்டை எடுத்து உள்ளே எட்டிப் பார். ஆறு பட்டை இருந்தால் நட்டின் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு மூலை இருந்தால் துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிட வாய்ப்பு அதிகம். மழுங்கிவிட்டால் பிறகு கடவுள்தான் துணை. 17, 19, 21 மில்லிமீட்டர் என்று அளவு வண்டிக்கு வண்டி மாறும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் உன் நட்டில் மாட்டிப் பார்த்து வாங்கு. திருட்டுக்குப் பயந்து பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி வண்டியிலேயே இருக்கட்டும், வீட்டு மேசையில் அல்ல.

டியூப்லெஸ் பஞ்சர் பெட்டியும் 12 வோல்ட் காற்றுப் பம்பும் போதும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அவை உதவாது, ஸ்டெப்னி என்கிற மாற்றுச் சக்கரம்தான். ஃபியூஸில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். போனது எந்த நிறமோ அதையே போடு. பெரியதைப் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும். இன்னொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க உதவும் ஜம்பர் கேபிளில் தடித்த ரப்பரைக் கண்டு ஏமாறாதே, உள்ளே எவ்வளவு செம்பு என்று கேள். மாட்டும்போது கறுப்பு வயரின் கடைசி முனையை இறங்கிப்போன பாட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி அதே வண்டி எஞ்சினின் வெற்று உலோகத்தில் கவ்வவிடு. பாட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும்.

சேகர், கேலி இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதே, ஒரு நிமிடம்கூட. மண் தரையில் அது சாயும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை எடுத்துக்கொள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். இரவில் இரண்டு கையும் வேலையில் இருக்கும், ஆகவே தலையில் மாட்டும் விளக்கு வாங்கு. எச்சரிக்கை முக்கோணத்தையும் மறக்காதே. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் ஓட்டுகிறவன் நீ.

இந்த ஞாயிறு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார். மீனாவும் கழற்றட்டும், உன்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். நட்டு அளவையும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் எழுது. உன் சிவப்புக் கைப்பிடிக் குறடு என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தருவதாக இல்லை.

அன்புடன்,
ராகவன்