ஆடு வாங்க ஆவணி வரை பொறு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ரங்கசாமி,

இங்கே எல்லாரும் நலம். இத்தனை மாதம் எழுதாததற்குத் திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இப்போது அவசரம். பொள்ளாச்சிச் சந்தையில் பத்து ஆடு பிடிக்கப் போகிறாய் என்று பழனியண்ணன் சொன்னார். "ரங்கனுக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, மூன்று வாரம்கூட இல்லை. இப்போது வாங்காதே.

காரணம் சொல்கிறேன். முதல் மழைக்குத் துளிர்க்கும் இளம்புல்லை ஆடு வயிறு முட்ட மேயும். அப்போதுதான் துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய் வரும். முந்தின நாள் வரை நன்றாக இருந்த கொழுத்த குட்டிதான் முதலில் சாகும். வைத்தியருக்குச் சொல்லி அனுப்பக்கூட நேரம் இருக்காது. அதற்குத் தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். முதல் தடவை போடுகிற ஆட்டுக்கு 15 நாள் கழித்து இரண்டாவது ஊசியும் உண்டு. சந்தை ஆட்டுக்கு ஊசி போட்டார்களா என்று யாரைக் கேட்பாய்? போதாததற்குச் சந்தையிலிருந்து ஆட்டுக்கொல்லி நோயும் கூடவே வரலாம். மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் எல்லாம் அதுதான். வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்ட வேண்டும். மழைக்கு முன்னால் மிச்சமிருக்கும் நாளில் இதெல்லாம் அடங்காது.

ஆவணிக்குத் தள்ளிப் போடு. இந்த மழை ஓய்ந்து துலாவர்ஷம் என்ற ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இரண்டு மாதம் கிடைக்கும். தனியே கட்டுவது, பூச்சி மருந்து, இரண்டு நோய்க்கும் ஊசி எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. தீவனத்தை முதலில் மண்ணில் போடு. பெரிய ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 4 கிலோ பச்சை வேண்டும், பத்துக்கு 40 கிலோ. கிணற்றடியில் 20 சென்ட் ஒதுக்கி, கோ-4 என்ற கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் இரண்டு கணு உள்ள கரணையை (தண்டுத் துண்டை) 60 செ.மீ. பாரில் 50 செ.மீ. இடைவெளியில் நடு. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில் வரும். மழையோடு நட்டால் சரியாக ஆவணியில் அரிவாள் வைக்கலாம். புல்லை மட்டும் போட்டால் ஆடு தேறாது. வரப்போரம் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் அகத்தியும் வேண்டும். சவுண்டல் (சுபாபுல்) மரத்தழை நல்லதுதான், ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அளவு மீறினால் முடி கொட்டும். பக்கத்துக் காட்டில் பூக்காத சோளப்பயிரில் ஆடு வாய் வைக்கவே கூடாது, மழையில்லாமல் வாடி நிற்கும் பயிர் இன்னும் மோசம். அதிலுள்ள சயனைடு நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். பச்சை மரவள்ளித் தழையும் அப்படித்தான்.

அடுத்து பரண், அதாவது ஆடு நிற்க உயர்த்திக் கட்டும் மரத்தளம். ஆட்டுக்கு 12 சதுர அடி கணக்கு வைத்து, குட்டிகளுக்கும் சேர்த்துக் கட்டு. தரையிலிருந்து 4 அடி உயரமாவது இருந்தால்தான் கீழே குனிந்து புழுக்கையை அள்ள முடியும். கமுகுச் சட்டங்களுக்கு நடுவே சந்து ஒன்றரை சென்டிமீட்டர். கூடினால் குட்டியின் கால் மாட்டி ஒடியும். குறைந்தால் புழுக்கை அடைத்து, மூத்திர நெடியில் ஆடு இருமத் தொடங்கும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், மேற்குப் பக்கத்தை அடைத்துவிடு. நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலை அப்படியே உள்ளே கொண்டுவந்து கொட்டும், நனைந்த குட்டி சளி பிடித்தே போய்விடும்.

சந்தையில் கொம்பையும் நிறத்தையும் பார்த்து மயங்காதே. வாயைத் திறந்து இரண்டு பல்லோ நாலு பல்லோ போட்ட இளம் ஆடாகப் பார். பிறகு கட்டைவிரலால் மேல் இமையை மெதுவாக அழுத்திக் கீழ் இமையை இறக்கு. உட்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் எடு. வெளிறி வெள்ளையாக இருந்தால் வயிற்றில் புழு இரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் அது முற்றிய நிலை, விலையே கேட்காதே.

பூச்சி மருந்தை எடை போட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கண்மதிப்பில் குறைத்து ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்கும் பழகிவிடும். ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்காதே, மருந்து மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும். ஆல்பெண்டசோலைச் சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது. சந்தை ஆடு சினையா இல்லையா என்று தெரியாது, அதனால் மாட்டாஸ்பத்திரியில் கேட்காமல் எதையும் ஊற்றாதே. காலையில் பனி உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடு, ஈரப் புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சு ஏறி நிற்கும்.

கிடாயைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது. அதை ஆவணியில் பேசலாம், சந்தைக்கு நானும் வருகிறேன். கோ-4 கரணைக்கு வெளியே காசு கொடுக்காதே. என் தோட்டத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது, முதல் மழை விழுந்ததும் வண்டியோடு வா.

தங்கமணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சுப்பிரமணி