முதலில் கரை சேர்ந்தது பிண்டா

ஆசிரியருக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கொலம்பஸ் கட்டுரையைப் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். 1492-இல் அட்லாண்டிக்கைக் கடந்து போன முதல் பயணத்தின் செய்தியோடு ஐரோப்பியப் பெருநிலத்தை முதலில் அடைந்தவர் கொலம்பஸ், அடைந்த இடம் லிஸ்பன் என்று அதில் இருக்கிறது. அது சரியல்ல. முதலில் வந்தது அவரோடு போன கப்பல்களில் ஒன்றான, மார்த்தின் அலோன்சோ பின்சோன் செலுத்திய பிண்டா. வந்த ஊர் ஸ்பெயினின் வடமேற்கே கலீசியாவில் உள்ள பயோனா. தேதி 1493 மார்ச் 1. நீன்யா என்ற இன்னொரு கப்பலில் வந்த கொலம்பஸ் லிஸ்பனைத் தொட்டது மார்ச் 4-இல்தான்.

சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கூட வேலை பார்த்த நண்பரின் பாய்மரப் படகில் லா கொருன்யாவிலிருந்து பயோனாவுக்குப் போயிருக்கிறேன். கோடையில் அங்கே வாடைக்காற்றுதான். முதுகில் கை வைத்துத் தெற்கே தள்ளிக்கொண்டு போகும். ஃபினிஸ்டெர் முனை தாண்டியபின் இடப்பக்கம் சியெஸ் தீவுகள் வரும். அப்புறம் கிழக்கே திரும்பி, மொன்தெர்ரெயால் கோட்டை நிற்கும் முனையைச் சுற்றினால் அலை சட்டென்று அடங்கிவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் புயலுக்கு அந்த முனை நல்ல மறைப்பு. 1493 பிப்ரவரியில் அட்லாண்டிக் நடுவே உள்ள அசோரஸ் தீவுகள் பக்கம் புயலில் சிக்கி, நீன்யாவைப் பிரிந்து வடக்கே ஒதுங்கிய பிண்டா இங்கே புகுந்தது ஏன் என்று கடல்வழியாக வருகிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

துறைமுகத்தில் பிண்டாவின் மாதிரிக் கப்பல் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் தூத்துக்குடித் தோணியை விடச் சிறியது. இதில் அட்லாண்டிக்கைப் போய்த் திரும்பியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஆண்டுதோறும் மார்ச் தொடக்கத்தில் ஊரே பழைய உடை உடுத்தி அந்த வருகையைக் கொண்டாடுகிறது.

பின்சோன் அப்பழுக்கில்லாதவர் என்று நான் வாதாடவில்லை. கியூபா அருகே தலைவனை விட்டுத் தனியே போனவர்தான். ஆனால் அந்தச் சிறு கப்பலைக் கரை சேர்த்தவர் அவர். சொந்த ஊர்ப்பக்கமான பாலோஸுக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே இறந்தும் போனார். 1492 அக்டோபர் 12 விடியுமுன் நிலத்தைக் கண்டு குரல் கொடுத்தவரும் பிண்டாவின் மாலுமிதான். ரோத்ரிகோ தெ திரியானா என்று அவர் பெயரைச் சொல்வார்கள். முதலில் நிலம் காண்பவருக்கு ஆண்டுக்கு 10,000 மரவெதி (அன்றைய ஸ்பானிய நாணயம்) தருவதாக அரசர் அறிவித்திருந்தார். முந்தின இரவே வெளிச்சம் பார்த்ததாகச் சொல்லி அதைக் கொலம்பஸ் வாங்கிக்கொண்டார். இரவெல்லாம் கண்விழித்துக் காவல் நின்ற ஒருவனுடைய கூலி அது. கப்பலில் காவல் நின்றவன் என்ற முறையில் இதை என்னால் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

கொலம்பஸ் போய்ச் சேர்ந்த கரீபியன் தீவுகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட மனிதர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பிள்ளைகள் வாசிக்கும் பக்கத்தில் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தேதியையும் ஊரையும் திருத்தி, பின்சோன், திரியானா பெயர்களோடு ஒரு குறிப்பு அதே மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிண்டா வந்த வழியைக் காட்டும் வரைபடம் ஒன்றையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் மாலுமி,
தூத்துக்குடி