தருமபுரி, கிருஷ்ணகிரியில் பைத்தான் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.

பைத்தான் புரோகிராம் மொழியில் ஸ்டிரிங், அதாவது எழுத்துகளைக் கோத்த சரம், பாடம் எடுக்கும் அன்றைக்கு போர்டில் ஒரு தமிழ்ச் சொல்லையும் எழுதிப் போடுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அரூர் பக்கம் பால் சொசைட்டி, மாங்காய் மண்டி, பள்ளிக்கூட ஐடி கார்டு என்று தமிழில் பெயர் அச்சாகவேண்டிய சின்னச் சின்ன மென்பொருள்கள் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் எங்களோடு வேலை செய்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், லூப் தெரியும், ஃபங்ஷன் அழகாக எழுதுகிறார்கள். ஆனால் படித்து முடிக்கும்வரை அவர்கள் எழுதிய எந்த ஸ்டிரிங்குக்குள்ளும் ஒரு தமிழ் எழுத்து போனதில்லை.

ஒரு சொல் திருப்பிப் படித்தாலும் அதேதானா என்று பார்க்கும் பாலிண்ட்ரோம் புரோகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாத லேப் ரெக்கார்டு கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் மலையாளம் என்று கொடுத்தால் ஆமாம் என்கிறது. அதே புரோகிராமுக்குத் தமிழில் 'விகடகவி' கொடுத்துப் பாருங்கள், இல்லை என்று சொல்லும். பைத்தான் 3 ஒரு ஸ்டிரிங்கை யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பட்டியல்) குறியீடுகளின் வரிசையாகத்தான் பார்க்கிறது. 'வி' என்பது அதற்கு வ ஒன்று, மேலே போடும் கொக்கி ஒன்று, ஆக இரண்டு. திருப்பிப் போட்டால் 'ிவகடகிவ' என்று வருகிறது: கடைசிக் கொக்கி ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் முதலில் வந்து நிற்கிறது, முதல் கொக்கி பக்கத்திலிருந்த க-வைப் பிடித்து கி ஆக்கிவிடுகிறது. இந்த ஒரு அவுட்புட்டை வகுப்பில் காட்டி ஏன் இப்படி என்று பிள்ளைகளை யோசிக்கவிட்டாலே ஸ்டிரிங் என்றால் என்னவென்று பாதி விளங்கிவிடும்.

அப்புறம் நீளம். 'தருமபுரி' நம் கண்ணுக்கு 5 எழுத்து, நீளம் சொல்லும் லென் ஃபங்ஷன் 8 என்கிறது, குறியீடுகளை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறைக்கு மாற்றிச் சேமித்தால் 24 பைட். மூன்றுமே சரியான விடைதான், எதற்காக எண்ணுகிறோம் என்பதுதான் கேள்வி. தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு மெசேஜுக்கு 70 குறியீடுதான், அங்கே 8 வேண்டும். பைட் கணக்கில் இடம் ஒதுக்கும் டேட்டாபேஸுக்கு 24 வேண்டும். அட்டையில் பெயர் அச்சடிக்கிறவருக்கு 5.

ஒரு பள்ளியின் ஐடி கார்டு வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா பெயரிலிருந்து இனிஷியல் எடுக்க, புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் குறியீட்டை, அதாவது இன்டெக்ஸ் 0-ஐ எடுத்திருந்தார். முருகன் மகளும் முனியப்பன் மகனும் மாதேஷ் மகனும் எல்லோரும் 'ம.' ஆகிவிட்டார்கள். நம் பக்கத்தில் மு-வும் மா-வும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பி மேல் நான் குறை சொல்லமாட்டேன், சொல்லிக்கொடுத்தபடிதான் எழுதினார்.

எழுத்து மட்டும்தான் இருக்கிறதா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபா, 'தருமபுரி'க்கு இல்லை என்கிறது, ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில், அதாவது வடிவம் சொல்லித் தேடும் முறையில், சொற்களைப் பிரிக்கச் சொன்னால் 'தர', 'மப', 'ர' என்று மூன்று துண்டாக நறுக்கிக் கொடுக்கிறது. ஆன்லைன் படிவம் ஒன்றில் இந்தச் சோதனையை வைத்துவிட்டால், தன் பெயரைத் தமிழில் அடிக்கிறவரைப் பார்த்து 'தவறான பெயர்' என்று அது சொல்லும். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்று, போச்சம்பள்ளி. அந்த 'போ'வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைச் சுழியும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்று சொல்லும், தேடினாலும் கிடைக்காது. உள்ளே வரும் தமிழை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிட்டு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கி ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, மற்ற வேலையைப் பார் என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் போதும். வரிசைப்படுத்தினாலும் சிக்கல்தான்: அகராதியில் 'பவானி'க்குப் பிறகுதான் 'பழனி', பைத்தானின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் சார்ட்டடோ பழனியை முன்னால் வைக்கிறது, யூனிகோடில் ழ-வுக்கு அடுத்துத்தான் வ.

சிலபஸில் இல்லையே என்று சிலர் சொல்வீர்கள். டெஸ்ட் இன்புட் என்ன கொடுக்கவேண்டும் என்று எந்த சிலபஸும் கட்டிப்போடவில்லை. ஒவ்வொரு குறியீட்டின் யூனிகோடு வகையைப் பார்த்து, 'எம்' என்று தொடங்கினால் (அது ஒட்டும் குறி) முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடு என்று ஒரு லூப் எழுதச் சொல்லுங்கள், முதல் வருட மாணவரே எழுதிவிடுவார். க்ஷ, ஸ்ரீ வந்தால் மட்டும் தனியாக யோசிக்கவேண்டும், லக்ஷ்மி என்று எழுதுகிற வீடுகள் உண்டே. லூப் புரிந்தபிறகு ஓபன்-தமிழ் என்ற ஆயத்த நிரல் நூலகத்தைக் காட்டலாம், எழுத்து எழுத்தாகப் பிரித்துக்கொடுக்கும் வேலையை அது செய்கிறது. விண்டோஸில் ஃபைல் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதும் பழக்கத்தையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்.

அடுத்த செமஸ்டர் ரெக்கார்டில் பாலிண்ட்ரோமுக்கு இரண்டாவது இன்புட்டாக விகடகவி இருக்கட்டும். லேபில் வந்து காட்டச் சொன்னால் வருகிறேன், பென்னாகரமானாலும் தேன்கனிக்கோட்டையானாலும் சரி. காசு எதுவும் வேண்டாம், ஒரு மதிய நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
அரூரிலிருந்து ஒரு புரோகிராமர்