தோரோ ஒயினை வெதுவெதுப்பாக ஊற்றாதீர்கள்

ஸ்பெயினின் சமோரா மாகாணத்து உணவக மேலாளர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும்,

வணக்கம். கோடையில் உங்கள் தோரோ ஊர்ப்பக்கத்துச் சிவப்பு ஒயின் பல இடங்களில் அலமாரியிலிருந்து நேராக மேசைக்கு வந்துவிடுகிறது. வெளியே 35 டிகிரி வெயில் என்றால் அலமாரிக்குள் 25, 26 இருக்கும். சிவப்பு ஒயினுக்கு அறை வெப்பநிலை போதும் என்ற பழைய வழக்கத்தை நம்பித்தான் இப்படிச் செய்கிறார்கள். அந்த வழக்கம் தடித்த கல்சுவர் வீடுகளில் பிறந்தது. அங்கே அறை என்றால் 16, 17 டிகிரி. தோரோவுக்கு இன்றும் அதுவே சரியான அளவு.

துவேரோ ஆற்றையொட்டி, 620 முதல் 750 மீட்டர் உயரத்தில் விளையும் தின்தா தெ தோரோ, டெம்ப்ரனீயோ திராட்சையின் உள்ளூர் வகை. தோல் தடித்தது, வெயிலில் சர்க்கரை ஏறிவிடும். அதனால் ஆல்கஹால் எளிதாக 14, 15 சதவீதத்தைத் தொடுகிறது. துவர்ப்பு கனமாகவும் புளிப்பு மிதமாகவும் இருக்கும். இப்படிப்பட்ட ஒயின் 20 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் ஆவி மூக்கைக் குத்தும். கறுப்பு பிளம், அதிமதுரம், மரப்பீப்பாய் தந்த மணம் எல்லாம் அதன் பின்னால் மறைந்துவிடும். 12 டிகிரிக்குக் கீழே போனாலும் கெடுதல்தான்: மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் ஈறைப் பிடித்து இழுக்கும்.

வாளியில் பாதி பனிக்கட்டியும் பாதி தண்ணீருமாக நிரப்பி, புட்டியைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். வெறும் பனிக்கட்டி புட்டியை முழுதாகத் தொடாது, குளிர மெதுவாகும். 26 டிகிரியில் இருக்கும் புட்டிக்கு ஏறத்தாழ பத்து நிமிடம் போதும். வெப்பமானியை வைத்துப் பார்த்து எடுங்கள். 15 டிகிரியில் ஊற்றினால் நல்லது, கிண்ணத்தில் அது தானாக ஏறிக்கொள்ளும். அகன்ற கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சுழற்ற இடம் இல்லாவிட்டால் மணம் எழாது.

இளம் தோரோவை அகன்ற குடுவைக்கு மாற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடலாம். பல ஆண்டு முதிரவிட்ட பழைய கிரான் ரிசர்வாவை அப்படி விடவே கூடாது. வண்டலைப் பிரிக்க மெல்ல ஊற்றி உடனே பரிமாறுங்கள், இல்லையேல் இருக்கும் கொஞ்ச மணமும் பறந்துவிடும். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது தக்கையால் வந்த கேடு. காற்றாட விட்டாலும் போகாது. விருந்தினரோடு வாதாடாமல் புட்டியை மாற்றிக் கொடுங்கள்.

உணவுக்கு வருவோம். மண்தட்டில் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து விறகடுப்பில் வாட்டிய லெச்சாசோ, அதாவது பால்குடி ஆட்டுக்குட்டி இறைச்சி, இந்த ஒயினுக்கு மிகச் சிறந்த துணை. ஒயினுக்குத் துவர்ப்பு தரும் டானின் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைவதால்தான் வாய் வறள்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அதைத் தணிக்கின்றன, உப்பு கசப்பைக் குறைக்கிறது. பன்றிக்காதும் கால்களும் போட்டுச் சமைக்கும் சமோரா சோற்றோடும், நன்கு முதிர்ந்த சமோரானோ செம்மறிப் பாலாடைக்கட்டியோடும் இதே பொருத்தம் உண்டு.

ஆனால் சிவப்பு மிளகாய்த்தூள் தூவிய சனாப்ரியா ஆக்டோபஸுக்குத் தோரோவைப் பரிந்துரைக்காதீர்கள். ஒயினிலுள்ள இரும்பு கடலுணவின் கொழுப்போடு சேர்ந்து உலோகச் சுவையைக் கிளப்பும். மிளகாய் காரமாக இருந்தால் ஆல்கஹால் அதை இன்னும் எரிய வைக்கும். பக்கத்து ருயேதாவின் வெர்தேஹோ வெள்ளை ஒயின் அதற்கு எவ்வளவோ மேல். வினிகரில் ஊறிய எஸ்கபேச்சே வகை உணவுக்கும் வேண்டாம், அதன் முன்னே தோரோ சப்பென்றாகிவிடும். கறுப்பு சாக்லேட்டோடு சேர்ப்பது பெரிய மோகமாகிவிட்டது; இனிப்பு ஒயினின் பழச்சுவையைப் பிடுங்கிக்கொள்ள, கசப்பின் மேல் கசப்புதான் மிஞ்சும்.

பட்டியலில் பெயரையும் விலையையும் மட்டும் போடாமல், அறுவடை ஆண்டையும் அது எவ்வளவு முதிர்ந்தது என்பதைக் காட்டும் வகையையும், அதாவது இளையதிலிருந்து முதிர்ந்தது வரை ஹோவெனா, ரோப்ளேயா, கிரியான்சாவா, ரிசர்வாவா என்பதையும் அச்சிடுங்கள். பீப்பாய் காணாத இளம் தோரோவும் ஓராண்டு ஓக் மரப்பீப்பாயில் கிடந்த ரிசர்வாவும் ஒரே தட்டுக்கு உரியவை அல்ல. கிண்ணக் கணக்கில் விற்கும் புட்டியில் திறந்த தேதியை எழுதி, தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளைக்குள் தீராததைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தோரோ ஒயினை நேசிக்கும் சுவைஞர்கள்