ரிச்சி தெருவில் பார்த்த அண்ணனுக்கு

சனிக்கிழமை மதியம் ரிச்சி தெரு கடையில் புது நெட்வொர்க் கார்டு கேட்டு நின்றேன். பக்கத்தில் கேபிள் வாங்கிக்கொண்டிருந்த நீங்கள், "என்ன தம்பி, பழசு செத்துப் போச்சா?" என்றீர்கள்.

ஆபீஸ் லினக்ஸ் சர்வருக்கு நெட் இல்லை. கேபிளை மாற்றினேன், சுவிட்சில் போர்ட்டை மாற்றினேன், போர்ட்டில் விளக்குகூட எரியவில்லை. புலம்பித் தள்ளினேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "பெட்டியைத் திறந்து ஏதாவது சொருகினீங்களா?"

சொருகியிருந்தேன். முந்தின நாள் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவுக்காக, மதர்போர்டில் சொருகும் ஒரு பிசிஐ கார்டு.

புது கார்டு வந்தால் பழைய கார்டின் பஸ் எண் (பெட்டிக்குள் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்) நகரலாம், அந்த எண்ணை வைத்துத்தான் லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி, நெட்வொர்க் போர்ட்டுக்குப் பெயர் வைக்கிறது என்று பில் தாளின் பின்பக்கம் எழுதியே காட்டினீர்கள். 'ஈஎன்பி3எஸ்0' இப்போது 'ஈஎன்பி4எஸ்0'. நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்க, புதுப் பெயரில் இருந்த போர்ட்டை எழுப்ப ஆளில்லை. போர்ட்டுகளைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளையை நான் பத்து தடவையாவது ஓட்டியிருப்பேன். அந்த 4 கண்ணில் படவே இல்லை!

கார்டு வாங்காமல் திரும்பினேன். (கடைக்காரர் உங்களை முறைத்ததைக் கவனித்தீர்களா?) நீங்கள் சொன்னபடியே அந்தக் கோப்பில் பெயருக்குப் பதில் மேக் முகவரியை (கார்டுக்கே உரிய எண்) கொடுத்து 'நெட்பிளான் அப்ளை' அடித்தேன். விளக்கு எரிந்தது.

உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. அந்த பில் தாளை சர்வர் பெட்டி மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.